ஒரு மணி நேரம், 16 பிள்ளைகள், 6 பந்து: கூடைப்பந்துப் பயிற்சி கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று கேட்ட சிலருக்கு என் பதில்கள் இவை.

சார், நான் உடற்கல்வி ஆசிரியர். வாரம் இரண்டு நாள், மாலை ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. 16 பேர், 6 பந்து. வார்ம்-அப், லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குக் கிட்டே எம்பிப் பந்தைப் போடுவது) முடிவதற்குள் பெல் அடித்துவிடுகிறது.

நேரத்தைத் தின்பது வரிசைதான் சார். 16 பேரும் ஒரே வரிசையில் நின்று லே-அப் போட்டால், ஆளுக்கு 6 நொடி என்றாலும் ஒருவனுக்கு மறுமுறை வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்து நிமிடத்தில் 6 முறை பந்தைத் தொடுவான், அவ்வளவுதான். என்னிடம் ஒரு பையன் வரிசையின் கடைசியில் நின்று, ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருப்பான். சோம்பேறி என்று திட்டிவிட்டேன். பிறகு வாட்சைப் பார்த்து எண்ணியபோதுதான் தவறு என்னுடையது என்று புரிந்தது.

இரண்டு ரிங்கிலும் எட்டெட்டுப் பேராகப் பிரியுங்கள். ரிங்குக்கு 3 பந்து. மூன்று நொடிக்கு ஒருவர் கிளம்பினால் அதே பத்து நிமிடத்தில் ஆளுக்கு 25 லே-அப் கிடைக்கும்.

நான் ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது இப்படி: முதல் 8 நிமிடம் வார்ம்-அப். மைதானத்தைச் சுற்றி ஓடவிட மாட்டேன். பந்து வைத்திருப்பவர்கள் டிரிபிள் செய்தபடி, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, மற்றவர்களைத் துரத்திப் பிடிக்க வேண்டும், பிடிபட்டவர் கைக்குப் பந்து போகும். அடுத்த 12 நிமிடம் லே-அப். 10 நிமிடம் புதிதாக ஒன்றே ஒன்று. பிறகு 25 நிமிடம் இரண்டு ரிங்கிலும் நாலுக்கு நாலு ஆட்டம். 16 பேரும் ஆடுவார்கள், வெளியே உட்கார ஆளே இருக்காது. கடைசி 5 நிமிடம் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று ரிங்கில் எறிவது. அடுத்து என்ன என்பதைத் தண்ணீர் குடிக்கும்போதே சொல்லிவிடுவேன், அதற்கென்று தனியாக விசில் அடித்து நிறுத்துவதில்லை.

என் மகளுக்கு 9 வயது. எவ்வளவு எறிந்தாலும் ரிங்குக்கு எட்டவில்லை. இந்த நேரமெல்லாம் வீணா?

வீணில்லை அம்மா, பந்தும் ரிங்கும்தான் அவளுக்குப் பெரிசு. இந்த வயதுக்கு 5-ஆம் எண் பந்து கொடுங்கள். பெரியவர்களின் ரிங் 3.05 மீட்டர் உயரம், மினி கூடைப்பந்தில் 2.60 மீட்டர். இறக்க முடியாத போஸ்ட் என்றால் கிட்டே நின்று போர்டில் அடித்துப் போடட்டும். தூரத்திலிருந்து தோளைத் திருப்பி எறிந்து பழகினால், பின்னால் அதை மாற்றுவது பெரிய பாடு.

பாதிக் கோர்ட்டில் வாலிபால் நடக்கிறது. ஃபாஸ்ட் பிரேக் (பந்து கிடைத்ததும் எதிர் ரிங்குக்கு வேகமாக ஓடித் தாக்குவது) எப்படிப் பழகுவது?

முழுக் கோர்ட் 28க்கு 15 மீட்டர். பாதி என்றால் நீளம் 14, அகலம் 15. அதனால் குறுக்கே ஓடவிடுங்கள். இரண்டு பக்கக் கோட்டிலும் செருப்பு வைத்து இலக்காக்கி, மூன்று பேர் ஓடியபடியே பாஸ் கொடுத்துப் போகட்டும், எதிரே இரண்டு பேர் தடுக்கட்டும். ஓடும்போது தலையைத் தூக்கி ஆள் பார்க்கும் பழக்கம்தான் முக்கியம். அது இதிலேயே வரும். ஷூட்டிங்குக்கு 3x3, அதாவது மூன்றுக்கு மூன்று, ஆடவிடுங்கள். அது பாதிக் கோர்ட்டுக்கென்றே உள்ள ஆட்டம். 12 நொடிக்குள் ரிங்கைப் பார்த்து எறிந்தாக வேண்டும், பிள்ளைகள் தூங்கவே முடியாது.

சார், நான் டீம் கேப்டன், பத்தாம் வகுப்பு. குறுவட்டப் போட்டிக்கு 10 நாள்தான் இருக்கிறது. நடுவில் பரீட்சை வேறு. மூன்று பயிற்சிதான் கிடைக்கும்.

புதிதாக எதுவும் வேண்டாம்மா. பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும் முறை ஒன்று, பிரஸ் வந்தால், அதாவது எதிரணி நம் பாதியிலேயே வந்து நெருக்கினால், 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டும் முறை ஒன்று. இந்த இரண்டையும் மூன்று நாளும் செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம், மூச்சு வாங்கும்போதே ஆளுக்கு 2 ஃப்ரீ த்ரோ. மேட்ச்சில் அப்படித்தான் போட வேண்டியிருக்கும். வீட்டில் இடது கை டிரிபிள் 5 நிமிடம். அப்புறம் படி.

மழை வந்தால் லீவு விட்டுவிடலாமா?

வராண்டா காய்ந்திருந்தால் விடாதீர்கள். இரண்டிரண்டு பேராக நின்று செஸ்ட் பாஸ் (நெஞ்சிலிருந்து தள்ளுவது), பவுன்ஸ் பாஸ் (தரையில் தட்டிக் கொடுப்பது), பந்தில்லாமல் டிஃபன்ஸ் ஸ்லைடு (தடுப்பதற்காகப் பக்கவாட்டில் நகர்வது) என்று 30 நிமிடம் தாராளமாகப் போகும். சிமெண்ட் கோர்ட் ஈரமாக இருந்தால் மட்டும் ஒருவரையும் இறக்காதீர்கள். கணுக்கால் பிசகினால் அந்த சீசனே போய்விடும்.