வாசகர் கடிதம்: முதலில் டார்ச்சா, சூளையா?

அன்புள்ள அக்காவுக்கு,

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கண்ணாடி மணி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். என்னிடம் இருப்பது கண்ணாடியைச் சுடரில் உருக்கும் ஒரு சின்ன கேஸ் டார்ச், வீட்டு கேஸ் சிலிண்டர், கொஞ்சம் இத்தாலியக் கண்ணாடிக் குச்சி, கும்பகோணம் கடைகளில் உடைசல் என்று ஒதுக்கிய வளையல் துண்டுகள். குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றி மணி உருட்டி முடித்ததும் சூடான உமிச்சாம்பலில் புதைத்துவிடுவேன். ரைஸ்மில்லில் சாம்பல் சும்மாவே கிடைக்கிறது. தோடு, மாலை என்று தெரிந்தவர்களுக்கு விற்கவும் தொடங்கிவிட்டேன். ஆனால் பல மணிகள் விரிசல் விடுகின்றன. ஒரு தோடு, வாங்கியவர் காதில் இருக்கும்போதே பிளந்துவிட்டது. நல்லவேளை, காயமில்லை. உடைந்தவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். "சூடு பத்தலை, ஆக்சிஜன் டார்ச் வாங்கு" என்கிறார்கள். கொரோனா சமயத்தில் மாமனாருக்கு வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. கையிருப்புக்கு ஒன்றுதான் வாங்க முடியும்: நல்ல டார்ச்சா, மின்சாரச் சூளையா? எங்கள் ஊர் கரண்ட்டை நம்பிச் சூளை வாங்கலாமா? "பூம்புகார் மணி" என்று பெயர் வைத்து விற்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சூளைதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. டார்ச் மாற்றினால் வேலை வேகமாக நடக்கும், பெரிய மணி செய்யலாம், நிறம் இன்னும் தெளிவாக வரும். உடைவது மட்டும் நிற்காது. இன்னும் வேகமாக, இன்னும் பெரிதாக உடையும் மணிகளைச் செய்வீர்கள்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இரண்டு வகை விரிசல் இருக்கிறது. ஒரே நிற மணிகளில் கோடு துளையிலிருந்து கிளம்பி வெளிப்பக்கம் போகிறது. பச்சையும் வெள்ளையும் கலந்த மணிகளில் கோடு இரண்டு நிறமும் சேரும் இடத்தையே ஒட்டி ஓடுகிறது. முதலாவது, ஆற வைத்ததில் வந்த கோளாறு. இரண்டாவது, சேரக் கூடாத கண்ணாடிகளைச் சேர்த்ததால் வந்தது. இதற்கு எந்தச் சூளையும் மருந்தில்லை.

முதலாவதைப் பார்ப்போம். மணி சுடரை விட்டு வெளியே வந்ததும் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது அதற்குப் பிறகு இறுகிச் சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிப்போன தோல் அதற்கு இடம் கொடுக்காது. இந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கிவிடும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. மூன்று மாதம் கழித்துத் தலைவாரும்போது சீப்பு பட்டாலே போதும், பிளந்துவிடும். அந்த இறுக்கம் கரைய வேண்டுமென்றால், கண்ணாடி உருகாமலும் முழுக்க இறுகாமலும் இருக்கும் ஒரு வெப்பத்தில் மணி முழுவதும் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் இருந்து, பிறகு மெதுவாக இறங்க வேண்டும். அனீலிங் என்பது இதுதான். நீங்கள் வைத்திருக்கும் இத்தாலியக் குச்சி சிஓஇ (சூட்டில் விரியும் அளவைச் சொல்லும் எண்) 104 வகை என்றால், அந்த வெப்பம் ஏறக்குறைய 510 முதல் 520 டிகிரி செல்சியஸ். போரோசிலிகேட் எனும் சூடு தாங்கும் கண்ணாடி என்றால் 565-ஐ ஒட்டி வரும்.

உமிச்சாம்பல் கெட்டதல்ல. வெப்பத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரப் பொருள். உருட்டிய உடனே 'டிக்' என்று தெறிப்பதை அது நிறுத்தும். ஆனால் சுண்டுவிரல் நுனி அளவு மணியில் இருக்கும் சூடே கொஞ்சம். சாம்பல் அதைச் சற்றுத் தாமதமாக ஆறவைக்குமே தவிர, 510-இல் நிறுத்தி வைக்காது. அதனால் சாம்பலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு வாரம் உருட்டுங்கள், சாம்பலில் ஆறவையுங்கள், விரிசல் விடாமல் தப்பியவற்றைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஒருநாள் சூளையில் அடுக்குங்கள். குளிர்ந்த மணிதானே, மெதுவாக ஏற்ற வேண்டும்: 510-ஐத் தொட இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும். அங்கே அரை மணி முதல் ஒரு மணி நேரம். பிறகு ஒரு மணி நேரத்துக்கு அறுபது டிகிரி கணக்கில் 370 வரை இறக்கி, சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் திறந்தால் போதும். ஒன்றே ஒன்று: உமிச்சாம்பலில் சிலிக்கா அதிகம். அதைக் கிளறும்போது முகக்கவசம் வேண்டும், துணி முந்தானை போதாது.

தெரிந்த குயவர் சூளையில் கொடுத்து வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பானை வேகும் சூட்டில் மணி எல்லாம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இறுக்கம் போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். லேப்டாப்பில் வெறும் வெள்ளைத் திரையை வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் மெல்லச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போகும். அந்த நிலையிலேயே கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மணியைப் பிடியுங்கள். நன்றாக ஆறிய மணி இருட்டோடு இருட்டாக இருக்கும். இறுக்கம் உள்ள மணியில் துளையைச் சுற்றி வெளிச்சம் பூக்கும். சில சமயம் நான்கு இதழாக, இறுக்கம் அதிகமென்றால் நிறம் நிறமாகவும் தெரியும். சாம்பலில் மட்டும் ஆறிய ஒரு மணியை இப்படிப் பார்த்துவிட்டு, அதையே சூளையில் போட்டெடுத்து மறுபடி பாருங்கள். டார்ச் வாங்கச் சொன்னவர்களுக்கும் காட்டுங்கள். ஒளி ஊடுருவும் மணிக்குத்தான் இந்தச் சோதனை. மாவுக்கல் போலிருக்கும் நிறங்களில் ஒன்றும் தெரியாது. அங்கே சூளையின் வெப்பக் கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

இனி வளையல் துண்டு. ஃபிரோசாபாத்திலிருந்து வரும் வளையலும் உங்கள் இத்தாலியக் குச்சியும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி வகைதான். ஆனால் சூட்டில் விரிந்து சுருங்கும் அளவு இரண்டுக்கும் ஒன்றல்ல. 104 என்பது அதிகம் சுருங்கும் ரகம். வளையலும் பாட்டிலும் பொதுவாக அதற்குக் கீழேதான். இரண்டையும் ஒரே மணியில் உருக்கிச் சேர்த்தால் ஒன்று கூடுதலாகச் சுருங்கி மற்றதைப் பிய்க்கும். சந்தேகம் வந்தால் ஓர் இழை இழுத்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடியிலும் சிறு துண்டு எடுத்து, கலக்காமல், பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி, அதிரசப் பாகு பதத்துக்கு வந்ததும் சுடரை விட்டு வெளியே எடுத்து இழை போல இழுங்கள். ஆறிய பிறகு இழை நேராக நின்றால் சேரும். வில்லாக வளைந்தால் சேராது. எந்தக் கண்ணாடி உட்பக்கம் இருக்கிறதோ அதுதான் அதிகம் சுருங்கியது.

அதற்காக வளையல் துண்டுகளைக் கொட்டிவிட வேண்டாம். ஒரே வளையலின் துண்டுகளை மட்டும் வைத்து ஒரே நிற மணி செய்யலாம். ஜிகினாவும் தங்க வர்ணமும் பூசியவை வேண்டாம், கருகி அழுக்காகும். அனீல் வெப்பம் 104-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், 540 பக்கம் வைத்துப் பாருங்கள். அதனால் அவற்றைத் தனி அடுக்காகச் சூளையில் போட வேண்டும்.

கரண்ட் பற்றி. மணிக்கான சிறிய சூளை இரண்டு கிலோவாட்டுக்குள் அடங்கும், சிங்கிள் ஃபேஸே போதும். ஆனால் 15 ஆம்பியர் பிளக்கும், மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயரும் வேண்டும். மிக்சி ஓடும் பிளக்கில் செருகாதீர்கள், பழைய ஓட்டு வீட்டு ஒயரிங் என்றால் நினைத்தும் பார்க்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். உள்ளே உள்ள காப்பு தானே மெதுவாக ஆறவைக்கும். மறுநாள் முதலிலிருந்து மறுபடி ஓட்டிவிடலாம். இரண்டாம் தடவை அனீல் செய்வதால் மணிக்குக் கேடில்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கரண்ட் திரும்ப வந்ததும் கண்ட்ரோலர் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து போகுமா, சும்மா நின்றுவிடுமா? ஐப்பசி மழையில் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். வெறும் தெர்மோஸ்டாட் வைத்த சூளை மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். படிப்படியாக இறக்கும் புரோகிராம் வேண்டும்.

மாமனாரின் கான்சன்ட்ரேட்டர் பத்திரமாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தருவது என்றால், பின்னால் ஒரு சின்ன ஆக்சிஜன் டார்ச் வாங்கும்போது அதுவே போதும். அந்த நாள் வந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு ஆக்சிஜன் இணைப்பைத் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இப்போதே செய்ய வேண்டியவையும் உண்டு. வீட்டு சிலிண்டரில் வியாபார வேலை செய்வது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மாறுங்கள். கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, தரையோரம் காற்றுப்போக்கு வேண்டும். நைலான் சேலை, தொங்கும் துப்பட்டா கூடாது.

வேலை செய்யும்போது கண்ணுக்கு டிடிமியம் மூக்குக் கண்ணாடி போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சுடரில் குச்சி உருகும்போது மஞ்சளாக ஒரு வெளிச்சம் கொழுந்துவிடுகிறதே, அது கண்ணாடியில் இருக்கும் சோடியம். சாதாரண கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கும். டிடிமியம் அந்த மஞ்சளை மட்டும் உறிஞ்சிவிடும். போட்டதும் மஞ்சள் மறைந்து மணியின் ஓரம் தெரியும். உங்கள் படங்களில் பல மணிகளின் துளை வாய் கூராகத் துருத்திக்கொண்டிருக்கிறது. அது நூலையும் அறுக்கும், சில்லும் தெறிக்கும். ஓரம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் குறை பாதி போய்விடும். கம்பியில் கண்ணாடி படியும் அகலத்துக்கு ஏற்ற அளவு குச்சியை உருக்கி ஊட்டினால், இரண்டு பக்க வாயும் தானே உள்வாங்கிக் குழியும். கொஞ்சமாக ஊட்டி அகலமாக இழுப்பதால்தான் கூர் வருகிறது.

கடைசியாகப் பெயர். "பூம்புகார்" என்பது தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சிக் கழகம் தன் கடைகளுக்கு வைத்திருக்கும் பெயர், அந்த வம்பே வேண்டாம். அதை விட்டாலும் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. நம் கடற்கரையின் பழைய கண்ணாடி மணி என்றால் ஆராய்ச்சியாளர்கள் முதலில் சொல்வது, கொள்ளிடத்துக்கு வடக்கே, புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டை. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டிய இடம். அங்கே செய்த சிறு மணிகள், உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை. திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் இந்த முறையில் செய்துவந்தார்கள். நீங்கள் செய்வது கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றும் மணி. வேலை வேறு, ஆளும் வேறு. வாங்குபவர் "இது இரண்டாயிரம் வருஷத்து முறையா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் கிராமத்தின் பெயரையே வையுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

சூளை வரும்வரை விற்பனையை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் சொல்லித் தோடுகளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இத்தாலியக் குச்சியில் மட்டும் செய்த, விரிசல் விடாத மணிகளைக் கொக்கியும் கம்பியும் கழற்றிவிட்டு முதல் அடுக்கிலேயே சூளையில் வைக்கலாம். வளையல் கலந்தவற்றைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், புதிதாகச் செய்து கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா