தாவும் மரபணுக்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மனித டி.என்.ஏ.வில் ஏறக்குறைய பாதி தாவும் மரபணுக்களாமே? அவ்வளவும் இப்போதும் தாவிக்கொண்டா இருக்கின்றன?

தாவும் மரபணு என்பது டி.என்.ஏ.வில் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் போய்ச் செருகிக்கொள்ளக்கூடிய துண்டு. பாதி என்பது சரிதான். அடையாளம் தெரிந்தவை மட்டுமே 45 சதவீதத்தை ஒட்டி வருகின்றன. புரதம் செய்வதற்கான பகுதி 2 சதவீதம்கூடத் தேறாது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் தாவல் வேறு கதை. எல்1 என்ற வகையில் மட்டும் சுமார் 5 லட்சம் பிரதிகள் நமக்குள் உண்டு. முழு எல்1 ஒன்று 6,000 டி.என்.ஏ. எழுத்து நீளம்; பெரும்பாலானவை தலை அறுபட்டு, எழுத்து சிதைந்து கிடக்கின்றன. ஒருவரிடம் தாவத் தெம்புள்ளவை 80 முதல் 100 வரை இருந்தால் அதிகம். அலு என்னும் குட்டி வகை 10 லட்சத்துக்கும் மேல். அதன் நீளமே 300 எழுத்துதான், தாவுவதற்கான சொந்த என்சைம் (வேதிவேலை செய்யும் புரதம்) கிடையாது. எல்1 செய்துவைக்கும் என்சைமைத் தட்டிக்கொண்டுபோய்த்தான் பிழைக்கிறது. ஒட்டுண்ணிமேல் ஓர் ஒட்டுண்ணி!

கேள்வி: 'வெட்டி ஒட்டுவது', 'நகலெடுத்து ஒட்டுவது' என்று இரண்டு வகை சொல்கிறார்களே?

முதல் வகை, டிரான்ஸ்போசேஸ் என்ற என்சைமின் தயவில் இருந்த இடத்திலிருந்து கழன்று வேறிடத்தில் செருகிக்கொள்ளும். இரண்டாம் வகை இடத்தை விடாது. ஆர்.என்.ஏ. நகல் ஒன்று கிளம்பிப் போய், மறுபடி டி.என்.ஏ.வாக மாறிப் புது இடத்தில் உட்காரும். மனிதருக்குள் இன்றும் தாவுபவை இரண்டாம் வகை.

கேள்வி: இந்தத் தாவலைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

புள்ளி விழுந்த மக்காச்சோள மணி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிறமி மரபணுவுக்குள் ஒரு தாவும் துண்டு புகுந்துவிட்டால் அது வேலை செய்யாது, மணி வெளிறிவிடும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியேறுகிறது என்று வையுங்கள். அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் ஊதாவாகும். சீக்கிரம் வெளியேறியிருந்தால் பெரிய திட்டு, தாமதமாக வெளியேறியிருந்தால் சின்னப் புள்ளி. ஆக, மணியின் தோலே ஒரு நாட்குறிப்பு. அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக் 1940களில் இதைத்தான் படித்தார். துண்டு தானாகத் தாவவில்லை, இன்னொரு துண்டு உத்தரவு கொடுத்தால்தான் தாவுகிறது என்பதையும் அவரே கண்டார். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல்.

கேள்வி: இவ்வளவு இருந்தும் நம் செல்கள் எப்படிச் சிதறாமல் இருக்கின்றன?

வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது. செல் இவற்றைத் துரத்துவதில்லை, பேசவிடாமல் வைத்திருக்கிறது. டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்துகளில் மீதைல் என்ற சின்ன வேதிக் குறிகளை ஒட்டுவது ஒரு வழி. அந்தப் பகுதியை, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களோடு இறுக்கிச் சுருட்டிவிடுவது இன்னொன்று. எந்த இடத்தைச் சுருட்டுவது என்று காட்டிக்கொடுக்கத் தனிப் புரதக் கூட்டமே இருக்கிறது. துத்தநாக விரல் புரதங்கள் என்பார்கள். நம்மிடம் இந்தப் பிரிவில் 300க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. புது எதிரி வரவர, புது விரல்.

ஆபத்தான கட்டம் ஒன்று இருக்கிறது. விந்து, முட்டை ஆகியவற்றுக்கான மூலச் செல்கள் உருவாகும்போது பழைய மீதைல் குறிகள் பெருமளவு அழிக்கப்படுகின்றன. காவல் தளரும் நேரம் அது. அப்போது தாவினால் அடுத்த தலைமுறைக்கே போய்ச் சேரும். அங்கே காவலுக்கு வருபவை பிவி ஆர்.என்.ஏ.க்கள். இருபத்தைந்து, முப்பது எழுத்து நீளமுள்ள துணுக்குகள். இவற்றில் பல, பழைய தாவும் துண்டுகளின் இடிபாடு குவிந்த இடங்களிலிருந்து படியெடுக்கப்படுபவை. செத்த எதிரியின் படத்தை வைத்து உயிருள்ளவனைப் பிடிப்பது போல.

இதன் அருமை பழ ஈக்களில் தெரிந்தது. பல காலமாக ஆய்வகத்தில் வளர்ந்த பெண் ஈயைக் காட்டு ஆண் ஈயோடு சேர்த்தால், குஞ்சுகள் பல மலடாயின. ஆண் ஆய்வக ஈ, பெண் காட்டு ஈ என்று மாற்றிச் சேர்த்தால் பிரச்சினையே இல்லை! காட்டு ஈக்களில் பி என்ற தாவும் துண்டு 20ஆம் நூற்றாண்டில் வேறோர் ஈ இனத்திலிருந்து வந்து பரவியிருந்தது. ஆய்வக ஈக்களோ அதற்கு முன்பே பிடிக்கப்பட்டவற்றின் வம்சம். தாய் முட்டைக்குள் வைத்தனுப்பும் பிவி ஆர்.என்.ஏ. இருந்தால் குஞ்சு தப்பிக்கும், இல்லையென்றால் அப்பாவிடமிருந்து வந்த பி துண்டுகள் ஆட்டம் போடும்.

கேள்வி: நோய் வருமா?

வரும், அரிதாக. 1988இல் ஹீமோஃபீலியா நோயாளிகள் 240 பேரைச் சோதித்தபோது, இருவருக்கு இரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவுக்குள் எல்1 புகுந்திருந்தது. பெற்றோரிடம் அது இல்லை. புதிதாக நடந்த தாவல்.

கேள்வி: கர்ப்பிணி எலியின் உணவை மாற்றினால் குட்டியின் நிறம் மாறுமாம். அப்படியானால் மனிதருக்கும்?

அவசரப்படாதீர்கள். அந்த எலிகளில் ரோம நிற மரபணுவுக்கு முன்னால் ஒரு தாவும் துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் மீதைல் குறி இருந்தால் குட்டி பழுப்பு. இல்லையென்றால் மஞ்சள், குண்டும்கூட. 2003இல் வெளியான ஆய்வில் தாய்க்கு ஃபோலிக் அமிலம், பி12 முதலியவற்றைக் கூடுதலாகக் கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள் அதிகமாயின. ஒரு வகை எலியின் ஒரே ஓர் இடத்தில் நடப்பதை வைத்து மனிதருக்கு மாத்திரை எழுதக் கூடாது.

கேள்வி: அப்புறம் ஏன் இவற்றைக் 'குப்பை' என்றார்கள்? பயனே இல்லையா?

குப்பை என்ற பேச்சிலும் சரி, நமக்கு உதவ வந்தவை என்ற பேச்சிலும் சரி, எனக்கு உடன்பாடில்லை. நமக்கு உதவவென்று இவை வரவில்லை. பிரதி எடுத்துப் பிழைக்க வந்தவை. வந்ததை உடல் சில இடங்களில் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். நஞ்சுக்கொடியில் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின், பழைய ரெட்ரோவைரஸின் (தன் மரபணுவை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகும் வைரஸ்) உறைப் புரதம். ஆன்டிபாடி மரபணுத் துண்டுகளை வெட்டிச் சேர்க்கும் ராக் என்சைமும் ஒரு தாவும் துண்டின் வாரிசுதான்.

கேள்வி: மெண்டலின் விதிகள் இவற்றால் பொய்யாகிவிட்டனவா?

இல்லை. அவர் விதி கண்ட பட்டாணியின் சுருக்கமே ஒரு தாவும் துண்டின் வேலைதான். அவர் எண்ணிய 7,324 பட்டாணிகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. சுருக்கத்துக்குக் காரணம் 1990இல்தான் வெளிப்பட்டது. மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் என்சைமின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்து நீளத் துண்டு செருகியிருந்தது. மெக்லின்டாக் மக்காச்சோளத்தில் பார்த்தவற்றின் உறவு அது. மாவாக வேண்டிய சர்க்கரை தேங்கி, விதை கூடுதல் நீர் உறிஞ்சி, காயும்போது சுருங்கிவிடுகிறது.