மருத்துவர் பதில்கள்: இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவது வைத்தியமா?

கேள்வி: எனக்கு வயது 62. கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள், பெரும்பாலும் இரவு ஷிஃப்டில், வேலை பார்த்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குளிருக்குப் பயந்து எட்டரை மணிக்கே கம்பளிக்குள் புகுந்துவிடுவேன். பத்தரை வரை புரண்டுகொண்டே இருப்பேன். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நான்கு மணி வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்து, பிறகு ஆறு மணி வரை கண் அசருவேன். மருத்துவமனையில் சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரையும் தராமல், “படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள், விழிப்பு வந்தால் எழுந்து உட்காருங்கள்” என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தூக்கம் வராதவனைக் குறைவாகப் படுக்கச் சொல்வது என்ன வைத்தியம்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தாளைக் கொடுத்து அனுப்பியதில் எனக்கும் வருத்தம் உண்டு, எதற்காக இதைச் செய்யச் சொல்கிறோம் என்று பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். ஆனால், அந்தத் தாளில் எழுதியிருப்பது சரியான வைத்தியந்தான். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே, மாத்திரையைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அடுத்த ஆண்டே அதையே சொன்னது.

இரவு வேலைதான் தூக்கத்தை அழித்துவிட்டது என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். தொடக்கத்துக்கு அது காரணமாக இருந்திருக்கலாம். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர், தூக்கமின்மைக்கான காரணங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: ஒருவருக்கு இயல்பிலேயே உள்ள பலவீனம், அதைக் கிளறிவிடும் நிகழ்வு, கிளம்பியதை அணையவிடாமல் வைத்திருக்கும் பழக்கம். ஷிஃப்ட் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. உடலின் கடிகாரம் பகல் வாழ்க்கைக்குத் திரும்பச் சில வாரங்களே போதும். ஆகவே, இன்று உங்களை விழிக்க வைப்பது பழைய இரவு வேலையைவிட எட்டரை மணிப் படுக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கணக்கைப் பாருங்கள். எட்டரை முதல் ஆறு வரை ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள். அதில் தூங்குவது ஐந்தரை மணி நேரம். அதாவது, நூற்றுக்கு 58 பங்கு. இந்த விகிதத்தைத் தூக்கத் திறன் என்கிறோம். 85-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. மீதி நான்கு மணி நேரம், அந்தக் கட்டிலில், அந்தக் கம்பளிக்குள், விழித்திருக்கவும் கவலைப்படவும் உங்கள் உடலுக்கு நாள்தோறும் பயிற்சி அளித்து வருகிறீர்கள். நாற்காலியில் தொலைக்காட்சி முன் கண் சொக்கியவர், படுக்கையில் போய் விழுந்த மறுகணமே பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான். உங்களுக்கும் அப்படி நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்பார்கள். பசியைப் போலவே தூக்கமும் நேரம் ஏற ஏறச் சேர்ந்துகொண்டு வருவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கூடிக்கொண்டே போகிறது. அது கொடுக்கும் அழுத்தந்தான் இரவில் நம்மைச் சாய்க்கிறது. பகலில் குட்டித் தூக்கம் போடுவதும் எட்டரைக்கே போய்ப் படுப்பதும், சாப்பாட்டுக்கு முன் நொறுக்குத் தீனி தின்றுவிட்டு இலை முன் உட்காருவதைப் போன்றவை. தேநீர் இந்த அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நீலகிரிக்காரரிடம் தேநீரை விடச் சொல்லும் துணிவு எனக்கில்லை. மதியத்துக்குப் பிறகு வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் காலையில் எழுந்ததும் மூன்றே விவரங்களை எழுதுங்கள்: படுத்த நேரம், ஏறக்குறையத் தூங்கிய நேரம், எழுந்த நேரம். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டாம். கடிகாரத்தை அலமாரியில் வைத்து மூடிவிடுங்கள். ஐந்தரை மணி நேரம் என்பதே சராசரியாக வந்தால், உங்கள் வயதைக் கருதி அரை மணி கூட்டி, இரவு பதினொன்றரைக்குப் படுத்து, விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். எப்படித் தூங்கினாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், எழும் நேரம் மாறக் கூடாது. பகலில் படுக்கக் கூடாது. ஒரு வாரக் கணக்கில் தூக்கத் திறன் 85-ஐத் தாண்டினால், படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். அடுத்த வாரமும் தாண்டினால் மேலும் பதினைந்து. முதல் இரண்டு வாரங்கள் இப்போதைவிடச் சிரமமாகவே இருக்கும், பகலில் தலை கனக்கும். பலர் கைவிடுவது அந்த இரண்டாவது வாரத்தில்தான். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவது 1972-இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் வகுத்த முறை. படுக்கை என்றால் தூக்கம் என்று உடல் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சமவெளியில் இருப்பவருக்கு இது எளிது. டிசம்பர் மாதத்து உறைபனியில் கம்பளியை விட்டு வெளியே வா என்றால் யார் வருவார்கள்? ஆகவே, ஏற்பாட்டை மாலையிலேயே செய்துவிடுங்கள். முன்னறையில் ஒரு நாற்காலி, அதன் மேல் ஸ்வெட்டரும் மப்ளரும் இன்னொரு கம்பளியும், பக்கத்தில் பிளாஸ்கில் வெந்நீர், மங்கலான ஒரு விளக்கு. விழித்து ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றினால் அங்கே வந்து உட்காருங்கள். சுவையற்ற, கைக்கு மட்டும் வேலை தரும் காரியம் நல்லது. என்னிடம் வந்த ஒரு அம்மா மறுநாள் சமையலுக்கு அவரைக்காயை உரித்து வைத்துவிடுவார், பாதிக் கூடை முடிவதற்குள் கண்ணைச் சுழற்றும் என்பார். கைப்பேசி வேண்டாம். தூக்கம் வந்தால் மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். மறுபடி விழிப்பு வந்தால் மறுபடி நாற்காலி.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஆபத்துகள் உண்டு. குளிருக்காகக் கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொள்ளவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். காற்று வாங்கக் கதவைத் திறந்து வாசலில் நிற்பதும் வேண்டாம். உங்கள் ஊரில் அந்த நேரத்தில் நடமாடுவது கரடியும் காட்டெருமையும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, “எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் உடம்பு கெட்டுவிடும்” என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். தேவை ஆளுக்கு ஆள் வேறுபடும். தூக்கமில்லாதவர்கள் தாம் தூங்கியதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை பார்த்த விஷயம். பொட்டுத் தூக்கம் இல்லை என்பவருக்கும் கருவி சில மணி நேரத் தூக்கத்தைக் காட்டும். இரவில் வரும் கவலைகளை மாலை ஆறு மணிக்கே உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் நாளை என்ன செய்வது என்பதோடு சேர்த்து எழுதிவிடுங்கள். சிறுநீர் கழிக்க அடிக்கடி எழ வேண்டியிருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்திருந்தாலோ, அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மசினகுடியில் வாடகை ஜீப் ஓட்டுகிறேன், வயது 41. நான்கு மாதமாகத் தூக்கம் சரியில்லை. குறட்டையும் அதிகம் என்று மனைவி சொல்கிறார். கைப்பேசியில் வீடியோ பார்த்து, நானே தூக்க நேரத்தை ஐந்து மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மசினகுடி

பதில்: கூடாது. தூக்க நேரத்தைக் குறைத்தால் முதல் வாரங்களில் பகலில் கண் சொருகும். நீங்கள் ஏறி இறங்குவதோ 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதை. பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கு நான் இதை ஒருபோதும் எழுதித் தர மாட்டேன்.

அதைவிட முக்கியம் குறட்டை. குறட்டைக்கு இடையே சில விநாடிகள் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறீர்களா என்று உங்கள் மனைவி ஓரிரவு கவனித்துச் சொல்லட்டும். காலையில் தலைவலி, வண்டியில் உட்கார்ந்ததும் கண் மூடுவது ஆகியவையும் இருந்தால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். கோவையில் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, தேவையானால் மூச்சுக்கருவி பொருத்துவதுதான் அதற்கு வழி. வலிப்பு நோயும் இருமுனை மனநோயும் உள்ளவர்களும் தூக்கத்தைக் குறைக்கும் பயிற்சியைத் தாமாகத் தொடங்கக் கூடாது. எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வது, படுக்கையில் கைப்பேசி பார்க்காமல் இருப்பது, சவாரி முடிந்ததும் அலுப்புக்கு என்று மது அருந்தாமல் இருப்பது ஆகிய மூன்றையும் இன்றே தொடங்கலாம். மது கண்ணை மூட வைக்கும். பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும், குறட்டையையும் கூட்டும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகத் தினமும் குளோனசெபாம் 0.5 மி.கி. போட்டுத்தான் தூங்குகிறேன். படுக்கை நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தைச் சீராக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு இதைத் தொடங்கலாமா? உள்ளூரில் யாரைப் பார்ப்பது?
– வாசகி, குன்னூர்

பதில்: இன்றே நிறுத்தாதீர்கள், அம்மா. திடீரென்று விட்டால் முன்பைவிடக் கடுமையாகத் தூக்கம் கெடும், பதற்றம் வரும், அரிதாக வலிப்பும் வரக்கூடும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லி, வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அதே வேளையில் மேலே கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன நாட்குறிப்பையும் நாற்காலி முறையையும் தொடங்கலாம். குறைக்கும் வாரங்களில் ஒன்றிரண்டு மோசமான இரவுகள் வரும். அதைக் கண்டு பழைய அளவுக்குத் தாவ வேண்டாம். இரவில் எழுந்து நடக்கும்போது மாத்திரை மயக்கத்தில் கால் இடறும் என்பதால், வழியில் விளக்கு இருக்கட்டும்.

உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகப் பார்க்கலாம். மனநலப் பிரிவு என்ற பெயரைக் கண்டு தயங்க வேண்டாம். தூக்கத்துக்காக வருபவர்கள் அங்கே நிறையப் பேர். மலை இறங்கி ஏற முடியாத நாட்களில், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அழைக்கும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெயரையும் அளவையும் முதலில் கேட்பார்கள்.