ஐ3 சாளர மேலாளர்: அமைப்பும் பழுதுநீக்கமும் – கேள்வி பதில்

ஐ3 என்பது லினக்ஸில் சாளரங்களைத் திரையில் அடுக்கித் தரும் நிரல். அதைப் பற்றி வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை, ஐ3 தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாத வேலைகளை அது செய்யத் தவறியதாகக் கருதி எழுந்தவை. க்னோம், கேடிஈ போன்ற முழு மேசைச்சூழல்கள் உள்ளீட்டுமுறை, திரைப்பூட்டு, பின்னணிப் படம் ஆகிய அனைத்தையும் தாமே தொடங்கிவைக்கின்றன. ஐ3 சாளரங்களை அடுக்குவதோடு நின்றுவிடும். மற்றவை நாம் அமைப்புக் கோப்பில் எழுதினால்தான் ஓடும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியுள்ளேன். கோப்பில் அவற்றை ரோமன் எழுத்திலேயே இடுக.

கேள்வி: அமைப்புக் கோப்பைத் திருத்திச் சேமித்தேன். எதுவும் மாறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை.

முதலில் மாட்+ஷிஃப்ட்+சி அழுத்தினீர்களா என்று பாருங்கள் (‘மாட்’ என்பது ஐ3 கட்டளைகளுக்காக நீங்கள் தேர்ந்த ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை). சேமிப்பதால் மட்டும் ஐ3 கோப்பை மறுபடி படிக்காது. அதை அழுத்தியும் மாற்றமில்லை என்றால், நீங்கள் திருத்துவது ஒரு கோப்பாகவும் ஐ3 படிப்பது வேறொரு கோப்பாகவும் இருக்கக்கூடும். பழைய நிறுவலில் மிஞ்சிய கோப்பு ஒன்று, ஈடிசி அடைவில் உள்ள பொதுக் கோப்பு ஒன்று, ஹோம் அடைவின் .கான்ஃபிக்/ஐ3 என்பதற்குள் ஒன்று எனப் பல இருப்பது வழக்கம். முனையத்தில் ‘ஐ3 --மோர்வெர்ஷன்’ என்று கொடுத்தால், தற்போது ஏற்றப்பட்டுள்ள கோப்பின் முழு முகவரியைக் காட்டும். ‘ஐ3 -சி’ என்பதைப் பெரிய ‘சி’ எழுத்தோடு கொடுத்தால், கோப்பை ஏற்றாமலேயே அதிலுள்ள பிழைகளை வரி எண்ணோடு சொல்லும். பெரிய திருத்தம் ஒவ்வொன்றுக்கும் பின் இதை ஓட்டுவது நல்ல பழக்கம்.

கேள்வி: விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியவுடன் மாட்+டி, மாட்+எஃப் எதுவும் வேலை செய்வதில்லை. ஆனால் மாட்+என்டர் மட்டும் முனையத்தைத் திறக்கிறது, ஐயா. ஏன்?

நீங்கள் கவனித்த அந்த என்டரிலேயே விடை இருக்கிறது. விசையைக் கட்டளையோடு பிணைக்கும் ‘பைண்ட்சிம்’ வரி விசையின் இடத்தைப் பார்ப்பதில்லை. அந்த விசை தரும் குறியைப் பார்க்கிறது. ஐ3, விசைப்பலகையின் முதல் தளவமைப்பில் ‘டி’ என்ற குறியைத் தரும் விசை எது என்று தேடி, கிடைத்த விசையை எல்லாத் தளவமைப்புகளிலும் பிடித்துக்கொள்கிறது. தளவமைப்பை அமைக்கும் ‘செட்எக்ஸ்கேபிமேப்’ கட்டளையில் தமிழை மட்டும் கொடுத்தால், முதல் தளவமைப்பே தமிழாகிவிடுவதால், ‘டி’ தரும் விசை எங்கும் இராது. என்டர் எல்லாத் தளவமைப்புகளிலும் ஒன்றே என்பதால் அது தப்பிவிடுகிறது.

தீர்வு எளிது. ‘-லேஅவுட்’ என்பதற்குப் பின் ‘யுஎஸ்,ஐஎன்’ என்று ஆங்கிலத்தை முதலிலும், ‘-வேரியண்ட்’ என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளியிட்டு ‘டாம்’ என்றும் கொடுத்து, மாற்றுவதற்கான விசையை ‘-ஆப்ஷன்’ வழியாகக் குறியுங்கள். வரிசை மாறினால் பழைய தொல்லை திரும்பும். ‘பைண்ட்கோட்’ மூலம் விசை எண்ணையே எழுதும் வழியும் உண்டு. வழக்கமான கணினி விசைப்பலகையில் ‘டி’ விசையின் எண் 40 என்பதை, அழுத்தும் விசையின் விவரத்தைத் தரும் ‘எக்ஸ்ஈவி’ கருவி காட்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் எந்த எண் எந்த விசை என்று உங்களுக்கே விளங்காது. ஆகவே அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஐபஸ் என்னும் உள்ளீட்டுமுறை நிரல் வழியாகத் தமிழ்99 பயன்படுத்துவோருக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் வராது. அங்கே தளவமைப்பு ஆங்கிலமாகவே இருக்க, உள்ளீட்டுமுறைதான் எழுத்தை மாற்றுகிறது. அவர்களுக்கு வரும் சிக்கல் வேறு: ஐபஸ் தொடங்குவதே இல்லை. அமைப்புக் கோப்பில் ‘எக்செக்’ வரியில் ‘ஐபஸ்-டீமன்’ சேர்த்து, ‘ஜிடிகே_ஐஎம்_மாட்யூல்’, ‘கியூடி_ஐஎம்_மாட்யூல்’, ‘எக்ஸ்மாடிஃபையர்ஸ்’ ஆகிய மூன்று சூழல் மாறிகளையும் உள்நுழைவின்போதே அமையுமாறு செய்ய வேண்டும்.

கேள்வி: நிலைப்பட்டையில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிகின்றன.

‘ஃபாண்ட்’ வரியில் பெயருக்கு முன் ‘பாங்கோ:’ (எழுத்துகளை வரையும் நிரலகத்தின் பெயர்) இருக்க வேண்டும். கோடுகளால் பிரித்த பழைய எக்ஸ் எழுத்துருப் பெயர் அங்கே இருந்தால் தமிழ் ஒருபோதும் சரியாக வராது. பாங்கோ இருந்தும் கட்டங்கள் தெரிந்தால், கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள்; ‘எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ’ வெறுமையாகத் திரும்பினால் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள்.

கேள்வி: ஐ3-ஐ மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் வலையிணைப்பு ஆப்லெட் இன்னொரு படியாகத் திறக்கிறது. நிரல்களைத் தொடங்கினால் சுட்டி வெகுநேரம் கடிகாரமாகச் சுற்றுகிறது.

இரண்டும் ஒரே வரியில் தீரும். ‘எக்செக்_ஆல்வேஸ்’ ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் ஓடும். ‘எக்செக்’ உள்நுழையும்போது ஒரு முறை மட்டுமே ஓடும். பின்னணிப் படம் போன்று மீண்டும் இட்டாலும் கேடில்லாதவற்றுக்கே ‘எக்செக்_ஆல்வேஸ்’ பொருந்தும். கடிகாரம், தொடக்க அறிவிப்பை ஆதரிக்காத நிரலுக்காக ஐ3 60 விநாடி வரை காத்திருப்பதால் வருகிறது. ‘--நோ-ஸ்டார்ட்அப்-ஐடி’ சேர்த்தால் மறையும்.

கேள்வி: ஜிம்ப் சாளரத்தை மிதக்கவிட எழுதிய விதி புதுப்பித்தலுக்குப் பின் செயல்படவில்லை.

சாளரத்தின் பண்புகளைக் காட்டும் ‘எக்ஸ்பிராப்’ கருவியை ஓட்டி அந்தச் சாளரத்தைச் சொடுக்கினால் ‘டபிள்யூஎம்_கிளாஸ்’ வரியில் இரு பெயர்கள் வரும், இரண்டாவதே ‘கிளாஸ்’. ஜிம்ப் 2.10 தன் பதிப்பெண்ணை அந்தப் பெயருக்குள்ளேயே வைத்திருந்தது. எண்ணோடு எழுதிய விதி, பதிப்பு மாறியதும் ஓசையின்றிச் செத்துவிடும். விதியில் உள்ளது சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) என்பதால், ‘^’ என்ற தொடக்கக் குறியிட்டுப் பெயரின் முற்பகுதியை மட்டும் கொடுங்கள். சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடும் விதியைத் தோற்கடிக்கும்.

கேள்வி: சாளரங்களுக்கிடையே இடைவெளி விட ஐ3-கேப்ஸ் நிறுவ வேண்டுமா?

தேவையில்லை. 4.22 பதிப்பிலிருந்து அது ஐ3-இலேயே இணைந்துவிட்டது.

கேள்வி: வேலண்டுக்கு மாற எண்ணுகிறேன். இதே கோப்பை ஸ்வேயில் பயன்படுத்தலாமா?

ஸ்வே என்பது, பழைய எக்ஸ் காட்சியமைப்புக்கு மாற்றான வேலண்டில் ஓடும், ஐ3 போன்ற சாளர மேலாளர். விசைப்பிணைப்புகளும் பணிவெளிகளும் பெரும்பாலும் அப்படியே ஓடும். எக்ஸ் சார்ந்த கருவிகளை அழைக்கும் வரிகளே கைவிடும். திரைகளை அமைக்கும் ‘எக்ஸ்ரேண்டர்’ செய்ததை ‘அவுட்புட்’ பகுதியிலும், ‘செட்எக்ஸ்கேபிமேப்’ செய்ததை ‘இன்புட்’ பகுதியின் ‘எக்ஸ்கேபி_லேஅவுட்’ வரியிலும் எழுதிக்கொள்ள வேண்டும். வேலண்டில் நேரடியாக ஓடும் நிரல்களுக்கு ‘கிளாஸ்’ இராது. அவற்றுக்கான விதிகளை ‘ஆப்_ஐடி’ கொண்டு மாற்றி எழுதுங்கள். அந்தப் பெயரை ‘ஸ்வேஎம்எஸ்ஜி -டி கெட்_ட்ரீ’ கட்டளையின் வெளியீட்டில் காணலாம்.