வீட்டுக்குள் சைக்கிள், வாட் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் (பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை மாட்டி, வீட்டுக்குள் மிதிக்கும் கருவி) 194 வாட் காட்டும் நேரத்தில் கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) உள்ள பவர் மீட்டர் 200 காட்டுகிறது. எதை நம்புவது? (காட்பாடி வாசகர்)

இரண்டையும் நம்பலாம். கிராங்க் மீட்டர் உங்கள் கால் கொடுப்பதை அளக்கிறது. ட்ரெய்னர், செயினும் பல்சக்கரங்களும் உறிஞ்சியது போக வந்து சேர்வதை அளக்கிறது. இடையில் 2 முதல் 4 சதவீதம் தேய்வது இயல்பு. அழுக்கேறிய, எண்ணெய் வற்றிய செயினில் இன்னும் கூடும். ட்ரெய்னர் கிராங்கைவிட அதிகமாகக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது இரண்டையும் மறுபடி காலிபரேட் செய்யுங்கள்.

ரோட்டிலும் வீட்டிலும் கிராங்க் மீட்டர் உங்களோடு இருக்கிறது என்றால் பயிற்சிக் கணக்கை அதிலேயே வையுங்கள். திங்கட்கிழமை ஒரு கருவி, ஞாயிற்றுக்கிழமை வேறு கருவி என்று மாற்றினால் முன்னேற்றம் எது, கருவி வித்தியாசம் எது என்று பிரிக்கவே முடியாது.

பின்சக்கரம் ரோலரில் உரசும் ஸ்மார்ட் ட்ரெய்னர் என்னுடையது. உழைப்பு ஒன்றுதான், ஒரு நாள் 210 வாட், மறுநாள் 185. ஏன்? (குடியாத்தம் வாசகர்)

டயர்தான் காரணமாக இருக்கும். இந்த வகை ட்ரெய்னர் டயரின் உருள் தடையை நேரடியாக அளப்பதில்லை. ஸ்பின்டவுன் (வேகமாகச் சுழற்றிவிட்டு மிதிப்பதை நிறுத்தும் சோதனை) செய்யும்போது சக்கரம் எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று பார்த்து அதை ஊகிக்கிறது. ஏறி உட்கார்ந்த உடனே, டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்பின்டவுன் செய்தால் தடை அதிகம் என்று பதிந்துவிடும். மிதிக்க மிதிக்க டயர் சூடாகி உண்மைத் தடை குறையும். ட்ரெய்னரோ பழைய கணக்கையே கூட்டிக்கொண்டிருக்கும். உங்கள் 210 அப்படி ஊதிப்போன எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டிய வரிசை: ஒவ்வொரு முறையும் பம்ப் வைத்து ஒரே அழுத்தத்துக்குக் காற்று நிரப்புங்கள். ரோலர் டயரைத் தொட்ட பிறகு குமிழை எப்போதும் அதே எண்ணிக்கையில் திருகுங்கள்; எத்தனை என்பதை ட்ரெய்னரோடு வந்த கையேட்டில் பாருங்கள். 10 நிமிடம் மிதித்த பிறகே ஸ்பின்டவுன். வேகமாக எழும்பி மிதிக்கும்போது ரோலர் 'கிறீச்' என்றால் டயர் வழுக்குகிறது, அந்த எண்ணை விட்டுவிடுங்கள். முள் டயர் இதற்கு ஆகாது. வழவழப்பான டயர் மாட்டுங்கள்.

ஸ்மார்ட் இல்லாத ஃப்ளூயிட் ட்ரெய்னர் (உள்ளிருக்கும் திரவம் தடை கொடுக்கும் வகை), சக்கரத்தில் ஸ்பீடு சென்சார். செயலி காட்டும் வாட் உண்மையா? (ஆரணி வாசகர்)

அது அளவீடு இல்லை, வேகத்தை வைத்துப் போடும் கணக்கு. ஆனாலும் உதவும், சக்கரச் சுற்றளவைச் சரியாகக் கொடுத்தால். 700×25 டயருக்கு 2105 மி.மீ., 700×28-க்கு 2136. டயரை 28-க்கு மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டால் வேகத்தில் ஒன்றரை சதவீதம்தான் பிசகும். ஃப்ளூயிட் ட்ரெய்னரில் வாட் ஏறத்தாழ வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதால், அங்கே பிழை நாலு சதவீதத்துக்கு மேல் போய்விடும். உள்ளே இருக்கும் திரவமும் சூடானால் தடை மாறும். முதல் 10 நிமிட எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடதுபக்க கிராங்க் மீட்டர் போதுமா? (ராணிப்பேட்டை வாசகர்)

விலைக்கு நல்லது. அது இடது காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது. உங்கள் கால்கள் இடது 46, வலது 54 சதவீதம் என்று பகிர்ந்தால், உண்மை 200 வாட் 184 ஆகத் தெரியும். பெடல் மீட்டர் வாங்கினால் கிராங்க் நீளத்தைச் சரியாகப் பதியுங்கள்: 165 மி.மீ. கிராங்கை 172.5 என்று விட்டால் 200 வாட் 209 ஆகிவிடும். இந்த 209-ஐப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நம் ஊரிலேயே சிலர் உண்டு.

மார்ச்சில் எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சராசரி வாட்) 220. மே மாதம் மொட்டை மாடி ஷெட்டில் சோதித்தால் 200. மீட்டர் கெட்டுவிட்டதா? (சத்துவாச்சாரி வாசகர்)

முதலில் ஜீரோ ஆஃப்செட் (அழுத்தம் இல்லாதபோது மீட்டரைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்வது) பாருங்கள். வெயிலில் கிடந்த சைக்கிளை ஏசி அறைக்குள் கொண்டுவந்தால் 15 நிமிடம் விட்டு, கிராங்கில் காலை வைக்காமல் செய்ய வேண்டும். மீட்டருக்குள் அழுத்தத்தை உணரும் ஸ்ட்ரெய்ன் கேஜின் அளவு வெப்பத்துக்கு நகரும்.

மீட்டர் சரி என்றால், வேலூர் வெயில்தான். 200 வாட் மிதிக்கும் உடம்பு கூடவே சுமார் 700 வாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். ரோட்டில் எதிர்க்காற்று அதை வாங்கிக்கொள்கிறது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அது எங்கே போகும்? நாடித்துடிப்பு ஏறும், வாட் இறங்கும். சோதனையை விடியற்காலை 5 மணிக்கு வையுங்கள், பெடஸ்டல் ஃபேன் நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும். 20 நிமிடச் சராசரியில் 95 சதவீதம் எஃப்டிபி. கோடைக்கு அந்த எண்ணையே வைத்துப் பயிற்சி செய்யுங்கள், மார்ச் எண்ணைத் துரத்தாதீர்கள்.

வேறு மீட்டர் இல்லாமல் என் மீட்டரைச் சரிபார்க்க வழி உண்டா? (ஆம்பூர் வாசகர்)

ஏலகிரி பக்கத்தில்தானே இருக்கிறது! காற்றில்லாத காலையில் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே சீராக ஏறுங்கள். தொடக்கம், முடிவு இரண்டின் உயரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுக்காமல் நிலவரைபடத்தில் எடுங்கள். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்த எடையை 9.81-ஆலும், ஏறிய மீட்டராலும் பெருக்கி, எடுத்த விநாடிகளால் வகுக்கவும். உதாரணத்துக்கு 80 கிலோ, 500 மீட்டர், 40 நிமிடம் என்றால் சுமார் 163 வாட். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் உருள் தடைக்கும் காற்றுக்கும் 20 வாட், செயின் தேய்மானம் 3 சதவீதம் சேர்த்தால் கிராங்கில் 190-ஐ ஒட்டி வர வேண்டும். உங்கள் மீட்டர் 180-க்கும் 200-க்கும் இடையில் காட்டினால் விட்டுவிடலாம். 220 என்றால் கிராங்க் நீளத்தையும் ஜீரோவையும் மறுபடி பார்த்துவிட்டு இன்னொரு முறை ஏறுங்கள்.