குழம்பும் ஊறுகாயும் கொஞ்சம் டால்ஸ்டாயும்

தம்பிக்கு வணக்கம்.

ஈரோட்டில் எங்கள் தெருவில் ஒன்பது பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு புத்தகம் பற்றிப் பேசுகிறோம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நான் 32 வருடம் தமிழாசிரியையாக இருந்தவள். முதலில் டீயும் பிஸ்கட்டும்தான் இருந்தது. ‘கோபல்ல கிராமம்’ எடுத்துக்கொண்ட மாதம் நான் கம்மங்கூழும் மோர் மிளகாயும் கொண்டுபோனேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொருத்தமாக ஏதாவது ஒரு பண்டம், அதுவும் வீட்டில் செய்தது, என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஆண்கள் நான்கு பேர். நால்வருமே கடையில் வாங்கி டிபன் பாக்ஸில் மாற்றிக் கொண்டுவருகிறார்கள், அது வேறு கதை.

போன மாதம் அந்த நால்வரில் ஒருவர், “நாம இங்க இலக்கியம் பேச வர்றோமா, பந்தி பரிமாற வர்றோமா?” என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இது சின்னப்பிள்ளைத்தனமா? அடுத்த மாதம் ‘அன்னா கரீனினா’. யூடியூப் பார்த்து பீட்ரூட் சூப் வைக்கலாம் என்கிறார் ஒரு தோழி. உங்கள் யோசனை என்ன? இன்னொன்று, பசியைப் பற்றிய புத்தகம் என்றால் எதைச் சமைப்பது?

பெயர் போட வேண்டாம்.
ஈரோட்டு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன், ஈரோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

பந்தி பற்றிக் கேட்டவரை முதலில் பார்த்துவிடலாம். அவர் அன்று சாப்பிட்டாரா? சாப்பிட்டிருந்தால் பதில் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் அவர் கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கதையில் வரும் பண்டத்தை அப்படியே தட்டில் வைப்பது, பள்ளி ஆண்டுவிழாவில் பையனுக்கு மீசை ஒட்டி பாரதியார் ஆக்குவது மாதிரி. கைதட்டுவோம், படம் எடுப்போம், மீசை கழன்றதும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

உங்கள் கம்மங்கூழ் அப்படி இருந்திருக்காது என்று நம்புகிறேன். இருந்தாலும், கம்பை மிக்ஸியில் உடைத்தீர்களா, உரலில் இடித்தீர்களா? கரிசல்காட்டில் பிறந்த திமிரில் கேட்கிறேன், மன்னியுங்கள். என் ஆச்சி கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்து, உரலில் போட்டு இடித்து, சொளகில் புடைத்து உமியைப் போக்கி, மறுபடி இடித்துக் குருணையாக்கி உலையில் போடுவதற்குள் அரைநாள் ஓடிவிடும். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் சுணை பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். 1976-ல் வந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு நாக்கில் எதுவும் ஊறவில்லை. முழங்கைதான் அரித்தது. அந்த அரிப்பைப் பாத்திரத்தில் போட்டு எடுத்துவர முடியாது. ஆனால் இடித்துப் பார்த்தவர்கள் புத்தகத்தோடு அதையும் கொண்டுவருவார்கள்.

இதை நான் புரிந்துகொண்டதே ஒரு மோர்க்குழம்பு கெட்டுப்போனதால்தான்.

ஆறு வருடம் இருக்கும். மனைவி இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தாள். கடைச் சாப்பாடு அலுத்துப்போய் ஒருநாள் மோர்க்குழம்பு வைத்தேன். ஊறவைத்த துவரம்பருப்பு, சீரகம், தேங்காய், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் சரியாகத்தான் அரைத்தேன். புளித்த தயிரைக் கடைந்து ஊற்றி, வேகவைத்த வெண்பூசணியைப் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் இரண்டு வரி சேர்த்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்தபோது மேலே வெள்ளை வெள்ளையாகக் கட்டி, அடியில் மஞ்சள் தண்ணீர். அம்மாவுக்குப் போன் போட்டேன். “கொதிக்க விட்டியாக்கும்? தீயைச் சிறுசா வச்சு, கரண்டிய எடுக்காம கிண்டிக்கிட்டே நிக்கணும்ல. நுரைச்சு வரயில எறக்கிரணும்” என்றாள்.

மறுநாள் விட்டேனா பார் என்று மறுபடி வைத்தேன். சின்னத் தீ, கையில் கரண்டி, நகராமல் நிற்கிறேன். அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது. உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும், மற்றவர்களுக்காகப் போடுகிறேன். குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

முற்றிய தயிரைப் பிசைந்த விரலைக் கழுவாமல் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். துவைக்க வேண்டிய அந்தப் புடவையையே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை மையிட்ட கண்ணை நிறைக்கிறது. தானே துழாவிச் சமைத்த இனிய புளிப்புக் குழம்பை, நன்றாக இருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. தீம்புளிப் பாகர் என்பதை மோர்க்குழம்பு என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

இருபது வருடமாக இந்தப் பாட்டை நான் ‘ஆஹா, என்ன பிரியம்’ என்றுதான் படித்துவந்தேன். புதுப்பெண்ணுக்குச் சமையல் பழகவில்லை, அதனால் கையைத் துணியில் துடைக்கிறாள் என்று எங்கோ எழுதியும் வைத்திருக்கிறேன். கரண்டியோடு நின்ற அன்று அது தப்பு என்று தெரிந்தது. அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது, டீச்சர். நகர்ந்தால் தயிர் திரிந்துவிடும். கை கழுவப் போக முடியாது, புடவை மாற்ற முடியாது, புகை கண்ணில் அடித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ட வேண்டியதுதான். முதல் மூன்று அடியிலும் நடப்பதெல்லாம் நான்காம் அடியில் வரும் அந்தத் ‘துழந்து’வினால் நடக்கிறது. பழகாத பெண் இல்லை, குழம்பின் குணம் தெரிந்த பெண். இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. அன்றாடம் அடுப்படியில் நிற்பவர்கள் யாரும் என்னைப்போல் இருபது வருடம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

(அதே பாட்டுக்காக ஒருநாள் மிளகாய் இல்லாமலும் வைத்துப் பார்த்தேன். மிளகாய் போர்த்துகீசியர் வந்த பிறகு இங்கே வந்த சரக்கு, கூடலூர் கிழார் அதைப் பார்த்திருக்க முடியாது. மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டேன். எனக்குப் பிடித்தது. வீட்டில் யாரும் ‘இனிது’ என்று சொல்லவில்லை.)

ஆகவே பண்டம் புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடாதீர்கள். அதைச் செய்யும்போது புத்தகத்தில் ஏதாவது ஒரு வரி வேறு மாதிரி தெரிகிறதா என்று பாருங்கள். டிபன் பாக்ஸ் பார்ட்டிகளிடம் எனக்குள்ள தகராறும் இதுதான். கடை அதிரசம் உங்களுடையதைவிட நன்றாகவே இருக்கலாம், அதை வாங்கிவந்தவரிடம் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. ‘தான் துழந்து’ என்று பாட்டில் இருக்கிறதே, அந்தத் ‘தான்’ அந்த நால்வருக்கும் சேர்த்துத்தான். ஒரு மாதம் குறுந்தொகை எடுத்து, குழம்பை அவர்களிடம் விட்டுவிடுங்கள். திரிந்தாலும் பரவாயில்லை. திரிந்தால்தான் பேச்சு நன்றாக இருக்கும்.

பசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் பட்டது ஒன்று இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு அடுக்களை வருமே. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க வர, பால் சுரக்காத தாய்நாய் தாங்கமாட்டாமல் குரைக்கும் அடுக்களை. சுவரில் கறையான், தரையில் காளான். பசியில் இடுப்பு ஒடுங்கிய அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதை ‘மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து’, அதாவது அறியாதவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து சாப்பிடுகிறார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மழை பெய்து முடிந்திருந்த ஒரு மாதத்தில் வேளைக்கீரை பறித்துவந்து உப்பில்லாமல் வேகவைத்தேன். கசப்பு. இரண்டு வாய் சாப்பிட்டேன், மூன்றாவது வாய்க்கு ஊறுகாய் எடுத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் தட்டைப் படம் எடுத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தின்றதை நான் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்! அவர் உடனே ‘சூப்பர்’ என்று கட்டைவிரல் காட்டினார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தப் பகுதியைத் தட்டில் எதுவும் இல்லாமல் வாசியுங்கள். நல்லவேளையாக 269 அடியுள்ள அந்தப் பாட்டிலேயே, வள்ளல் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிற வழியில் ஊருக்கு ஊர் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. கடற்கரையில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளி சேர்ந்த சூடான சோறும் ஆமான் (காட்டுப்பசு) கறியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். ஆமான் கறிக்கு இன்று ஜெயிலில் போட்டுவிடுவார்கள். நண்டு கிடைக்கும். வாசித்துக்கொண்டே வந்து ஆமூர் வரும்போது மூடியைத் திறங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

அப்புறம் அன்னா கரீனினா. பீட்ரூட் சூப்பை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ரஷ்யா என்றால் பீட்ரூட் என்பது, தமிழ்நாடு என்றால் இட்லி என்கிற மாதிரி. அந்த நாவலில் லெவின் என்ற கிராமத்துப் பண்ணையாரை அவன் நண்பன் ஓப்லான்ஸ்கி பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சிப்பி வாங்கித் தருகிறபோது, தனக்கு முட்டைக்கோஸ் சூப்பும் கஞ்சியும்தான் பிடிக்கும் என்கிறான் லெவின். அதைவிட உங்களுக்குச் சரியாக வருவது ஆறாம் பாகத்தில், இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஜாம் காய்ச்சுகிற இடம். அடுத்த மாதத்துக்குள் 800 பக்கமும் முடிகிறதோ இல்லையோ, அதை மட்டுமாவது எல்லோரும் படித்துவிட்டு வரட்டும்.

லெவின் வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்பவள் அகாஃபியா மிகாய்லோவ்னா என்ற கிழவி. அவனைச் சின்ன வயதில் வளர்த்தவளும் அவள்தான். காலங்காலமாக ஜாமுக்குத் தண்ணீர் விட்டுக் காய்ச்சுபவள். லெவினுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த கிட்டி, தன் பிறந்த வீட்டு முறைப்படி தண்ணீரே விடாமல் காய்ச்சச் சொல்கிறாள். கிழவி ஒருமுறை யாருக்கும் தெரியாமல் தண்ணீர் விட்டு மாட்டிக்கொண்டாள். அதனால் இந்தத் தடவை எல்லோரும் பார்க்கத் தாழ்வாரத்தில் அடுப்பு. முழங்கை வரை கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முகம் சிவந்து, பாத்திரத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் கிழவி. இந்தப் பழம் சரியாக வேகாமல் கெட்டுப்போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டே! கிட்டியின் அம்மாவுக்கு, கிழவியின் கோபமெல்லாம் தன்மேல்தான் என்று தெரியும். தெரியாததுபோல் வேறு பேச்சு பேசிக்கொண்டு ஓரக்கண்ணால் அடுப்பைப் பார்க்கிறாள்.

நம் வீட்டு மாங்காய் ஊறுகாய் ஜாடி மாதிரி இல்லை? தண்ணீர் ஒரு சொட்டு படக்கூடாது, ஈரக் கரண்டி போடக்கூடாது, எண்ணெய் மேலே நிற்க வேண்டும், வேடு கட்டி வைக்க வேண்டும். கிட்டியின் அம்மாவும் ஜாம் மேல் ரம்மில் நனைத்த காகிதத்தைப் போட்டு மூடினால் ஐஸ் இல்லாவிட்டாலும் பூஞ்சை பிடிக்காது என்கிறாள். எந்த வீட்டு முறை சரி என்று முப்பது வருடம் பேசாமல் இருந்த சம்பந்திகளை எனக்குத் தெரியும். ரம்முக்குப் பதில் நல்லெண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம்.

குறுந்தொகைப் பாட்டைச் சொல்வது யார் என்று நினைத்துப் பாருங்கள். மகள் குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, நற்றாயிடம் சொல்கிறாள். வளர்த்த கிழவி ஒருத்தி புதுப்பெண்ணின் அடுப்பை எட்டிப் பார்த்துப் பூரித்து வந்து சொல்கிறாள். இங்கேயும் வளர்த்த கிழவிதான், ஆனால் இவள் பையனை வளர்த்தவள். வந்த பெண்ணின் ஜாம் கெட வேண்டும் என்று அடுப்படியில் நிற்கிறாள். டால்ஸ்டாய் அவளையும் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை.

அதனால் அடுத்த மாதம் யாரும் எதுவும் புதிதாகச் செய்ய வேண்டாம். ஒன்பது பேரும் அவரவர் வீட்டு ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவரட்டும், கூடவே அது யார் வீட்டு முறை, அதற்கு யாரோடு சண்டை என்பதையும். நீங்கள் தயிர்சாதம் மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பிசைந்துவிடுங்கள். ஜாடிக்கு ஒரு கரண்டி வையுங்கள், ஒரே கரண்டியை ஒன்பதிலும் விட்டால் கூட்டம் அன்றோடு கலைந்துவிடும்.