வாசகர் கேள்வி–பதில்: துப்பறியும் கதையில் தொடங்கலாமா?

கேள்வி: நவீனப் பிரெஞ்சு நாவல்கள் படிக்க ஆசை. ஆனால் சோதனை முயற்சி நாவல் என்றால் கதையே இருக்காது என்கிறார்கள். எனக்குப் பிடித்தது குற்றக்கதை. எங்கே தொடங்குவது?

பதில்: பிடித்த இடத்திலேயே தொடங்குங்கள். பிரெஞ்சில் 'புது நாவல்' என்ற சோதனைப் போக்கின் முக்கியமான ஆள் அலென் ராப்-கிரியே. அவர் 1953இல் முதலில் வெளியிட்ட 'லே கோம்' ஒரு துப்பறியும் கதைதான். தலைப்புக்குப் பொருள் ரப்பர்கள், பென்சில் எழுத்தை அழிப்போமே, அந்த ரப்பர். வாலாஸ் என்பவர் ஒரு கொலையை விசாரிக்க வருகிறார். செத்ததாகச் சொல்லப்படும் துப்போன் உண்மையில் காயத்தோடு ஒளிந்திருக்கிறார், ஒரு நாள் முழுக்க அலைந்துவிட்டு வாலாஸ் கடைசியில் சுடுவது அந்தத் துப்போனையேதான். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், இதை முடிவுக்காக யாரும் படிப்பதில்லை. நடுவில் வாலாஸ் சாப்பிட உட்காருவார். தட்டில் ஒரு தக்காளித் துண்டு. குறையே இல்லாத துண்டு என்று ஆரம்பித்து, சதை, விதை என ஒவ்வொன்றாக நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் மேல் ஓரத்தில் தோல் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கழன்று லேசாகத் தூக்கி நிற்கிறது என்று முடிப்பார். தடயம் தேடிப் பழகிய கண் உங்களுக்கு இருக்கிறதே, அது அந்தத் தோலில் போய் நின்றுவிடும். இலக்கியம் மட்டுமே படிப்பவர்களைவிட உங்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஒரே ஓர் எழுத்தை விலக்கிவிட்டு முழு நாவலையும் எழுதினாராமே ஒருவர், அது வெறும் வித்தைதானே?

பதில்: இல்லை. ழார்ழ் பெரெக் 1969இல் எழுதிய 'லா திஸ்பரிசியோன்', அதாவது காணாமல் போதல். ரோமன் எழுத்து 'e' இல்லாத நாவல், பிரெஞ்சில் அதிகம் புழங்குவதே அந்த எழுத்துதான். இதிலும் துப்பறிதல் உண்டு: ஒருவர் காணாமல் போகிறார், நண்பர்கள் தேடுகிறார்கள், ரகசியத்தை நெருங்க நெருங்க ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சரி, அந்த எழுத்து போனால் பிரெஞ்சில் எதையெல்லாம் எழுத முடியாது என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவைக் குறிக்கும் père என்ற சொல் வராது, அம்மாவைக் குறிக்கும் mère என்ற சொல் வராது, பெரெக் என்ற பெயரும் வராது. அவருடைய அப்பா 1940இல் போரில் இறந்தார், யூதரான அம்மாவை 1943இல் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் வித்தை என்ற சொல்லே வாயில் வராது.

கேள்வி: அரசியல் பேசும் குற்றக்கதை ஒன்று சொல்லுங்கள்.

பதில்: திதியே தெனங்க்ஸ் 1980களில் எழுதிய 'மேர்த்ர் பூர் மெமுவார்', அதாவது நினைவுக்காகக் கொலைகள். 1961 அக்டோபர் 17 இரவு, பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீஸ் அடித்துக் கொன்ற அதே இரவில், ஒரு வரலாற்று ஆசிரியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். இருபது வருடம் கழித்து அவர் மகனும் துலூஸ் நகரில் கொல்லப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கதேன் தோண்டிக்கொண்டே போகும்போது, அந்த ஆசிரியர் எழுதிக்கொண்டிருந்தது போர்க்காலத்தில் யூதர்களை அடைத்துவைத்த, பாரிஸ் அருகே உள்ள திரான்சி தடுப்பு முகாமைப் பற்றி என்று தெரிய வருகிறது. பெரெக்கின் அம்மாவையும் அந்தத் திரான்சியில் அடைத்து வைத்துத்தான் ரயிலேற்றினார்கள்.